எட்டாம் பாட்டில் என் குரல்

ஆகஸ்ட் 4, திங்கள்

நான் ஜப்பான்காரர்களின் ராக் பாட்டு ஒன்றில் பாடியிருக்கிறேன் என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள். பாடவில்லை. மாடிக்குப் போய் அதட்டினேன். அதட்டியதை அவர்கள் பதிவு செய்துவிட்டார்கள். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவர்களுக்கு நடுவில்தான் இத்தனை வருடமும் குடியிருந்திருக்கிறேன்.

வழக்கமாக நாட்குறிப்பை ஆங்கிலத்தில் எழுதுவேன். கான்வென்ட் பழக்கம். இன்று முதல் தமிழ். கோபத்தை ஆங்கிலத்தில் எழுதினால் அது சலவைக்குப் போய்வந்த மாதிரி ஆகிவிடுகிறது.

நடந்ததை ஒழுங்காக எழுதி வைக்கிறேன். மாடியில் குடியிருப்பவர் ஹோரிகுச்சி. ஒரகடம் பக்கம் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவு. செருப்பைக் கூட அளவெடுத்த மாதிரி வைக்கிற மனிதர். அவரைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. ஜனவரியில் அவருடைய சித்தப்பா மகன் தக்குமி, இன்னும் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு வந்து ஒரு மாதம் தங்கிவிட்டுப் போனான். நால்வரும் சேர்ந்தால் ஒரு ராக் குழுவாம். பெயர் சாட்டர்டே எலிவேட்டர். சனிக்கிழமை லிஃப்ட். மற்ற ஆறு நாளும் படியேறுவார்கள் போலிருக்கிறது. ஜப்பானில் இவர்கள் மேடையேறினால் விளையாட்டு மைதானமே நிரம்புமாம்.

அவர்களுடைய ஆறாவது ஆல்பம் போன வாரம் வெளிவந்திருக்கிறது. பெயரைத் தமிழில் சொன்னால் "கீழ் வீடு". கீழ் வீடு என்றால் என் வீடு. அட்டையில் என் கொல்லைப்புறக் கொடியும் அதில் என் துவாலைகளும். எட்டாம் பாட்டில் ஒரு பெண் குரல். யாருடையது என்பதற்கு உள்ளே அச்சிட்டிருக்கிறார்கள்: "குரல்: சென்னைப் பாட்டி."

எனக்குப் பேரன் இல்லை, பேத்தி இல்லை, பிள்ளையே இல்லை. பாட்டிப் பட்டத்தை ஒரு லிஃப்ட் எனக்குக் கொடுக்க வேண்டியதில்லை.

இதையெல்லாம் நான் தெரிந்துகொண்டது எதிர்வீட்டு வசுமதி வழியாக. காலையில் கேட்டருகில் கறிவேப்பிலை பறித்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா, கலக்கிட்டீங்க போங்க! எம் பையன் பெங்களூர்லேருந்து அனுப்பிச்சான். தெரு குரூப்ல போட்டுட்டேன்."

"எதை?"

"உங்க சாம்பார் பாட்டைத்தான்! அதுல கடைசியா ஒரு சிரிப்பு சிரிக்கிறீங்க பாருங்க. உங்களுக்குச் சிரிக்க வரும்னே எனக்கு இன்னைக்குத்தான் தெரியும்."

வசுமதி என்னைவிட நான்கு வயதுதான் இளையவள். அக்கா என்று கூப்பிடுவதில் அவளுக்கு அப்படியொரு ஆனந்தம்.

ஆகஸ்ட் 5

திருநெல்வேலியிலிருந்து பிரமநாயகி போன். என் கணவரின் தங்கை. ஒரே தங்கை. ஒன்றே போதும்.

"மைனி, நான் கேள்விப்பட்டது நெசந்தானா?"

"என்ன கேள்விப்பட்ட?"

"எங்கண்ணன் போயி ரெண்டு மாசத்துல நீங்க பாட்டுப் படிச்சியளாம்லா. கெக்கெக்கேன்னு சிரிச்சியளாம்லா. சம்பந்தக்காரங்க வரைக்கும் போன்ல போட்டுக் கேட்டுட்டாவ. ஊருக்குள்ள நான் எப்படி மைனி தல நிமுந்து நடக்க?"

"குனிஞ்சு நட. உங்க ஊர் ரோட்டுல குழி ஜாஸ்தி."

"இந்த வாய்தான் மைனி! இன்னும் தலத் தெவசம் கழியல. அந்தப் பாட்டு ஒழியாம எங்காளுக ஒருத்தரும் ஒங்க வீட்டு எலையில வந்து உக்கார மாட்டாவ. எம்மவனையும் அனுப்ப மாட்டேன், ஆமா."

போனை வைத்துவிட்டாள். இது வெறும் மிரட்டல் இல்லை. எங்களுக்குப் பிள்ளை இல்லாததால் இவருக்குக் கொள்ளி வைத்தது பிரமநாயகியின் மகன்தான். நவம்பரில் இவர் போய் ஒரு வருடம், தலைத் திவசம். அவன் வராவிட்டால் எள்ளும் தண்ணீரும் இறைக்க ஆள் கிடையாது.

பால்காரர் இன்று அரை லிட்டர் குறைத்துக் கொடுத்துவிட்டுப் போனார். சொல்லி வாங்கினேன்.

ஆகஸ்ட் 7

அந்த ஆல்பத்தை முழுக்கக் கேட்டேன். ஆதாரத்துக்காக.

முதல் ஏழு பாட்டும் ஒரே மாதிரி. ஒரு பீரோ மாடிப்படியில் உருண்டு விழுகிறது, அதை மேலே தூக்கிக்கொண்டு போக ஒரு நிமிடம் அமைதி, மறுபடி உருட்டுகிறார்கள். நடுவில் ஒருவன், கதவிடுக்கில் விரல் மாட்டிக்கொண்ட மாதிரி கூவுகிறான். தக்குமிதான். நேரில் பேசும்போது வாயிலிருந்து வார்த்தையே வராத பையன்.

எட்டாவது பாட்டு நான் கதவைத் தட்டும் சத்தத்தில் தொடங்குகிறது. "இது என்ன வீடா, பட்டறையா?" தெளிவாக இருக்கிறது. அதட்டல்தான் என்று யாருக்கும் விளங்கும். பிறகு, நான் படித்த விடுதியில் மணியடித்தால் ஊசி விழும் சத்தம் கேட்கும் என்று அவர்களுக்கு எடுத்துச் சொல்கிறேன். அதற்குப் பிறகு ஒரு குரல் எங்கள் விடுதிப் பாட்டைச் சொல்கிறது. சொல்கிறது என்றே எழுதுகிறேன். தாளம் தானாக வந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சாம்பாருக்குள் பருப்பு ஒண்ணு
தேடிப் போனா ரோஸி அக்கா
திங்கக்கெழமை முங்கினவ
தீபாவளிக்கும் வரலே அக்கா!

உப்புமாவைத் தூக்கிப் போட்டா
ஓடு ரெண்டு ஒடஞ்சு போச்சு
ஒடஞ்ச ஓட்டை மாத்தப் போனா
உப்புமாவே ஓடா ஆச்சு!

இன்னொரு அடுக்கும் உண்டு; மூன்றும் பதிவில் இருக்கின்றன. பதினைந்து வயதில் நான் கட்டியது. சிஸ்டர் இமாகுலேட்டா என்னைச் சாப்பாட்டுக் கூடத்தில் முட்டி போட வைத்தார். பிறகு அவரே ஸ்டோர் ரூமில் அதை முணுமுணுத்ததை இரண்டு பேர் கேட்டார்கள்.

முடிவில் ஒரு பெண் சிரிக்கிறாள். யார் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பதிவு நல்ல தரம். சரிபார்ப்பதற்காகத் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டியிருந்தது.

ஆகஸ்ட் 10

ஹோரிகுச்சி வாடகை ரசீது வாங்க இறங்கி வந்தார். அவருடைய தமிழ் தொழிற்சாலையில் கற்றது. வேகமாக வரும், மரியாதையும் இருக்கும், ஆனால் எல்லாம் இரும்புச் சாமான் பேச்சு.

ஜப்பானில் ஒரு பத்திரிகை எட்டாம் பாட்டைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறதாம். படித்துச் சொன்னார். "அம்மா, ரொம்பப் பெருசா எழுதியிருக்காங்க. பழைய காலத்துத் தென்னிந்திய விதவை... ஒப்பாரி. நீரில் இறங்கியவர் திரும்பி வரவில்லை, பெண் கரையில் காத்திருக்கிறாள். கேட்டா அழுகை வருது, அப்படி."

"நீர் இல்லை. சாம்பார்."

"சாம்பார்னு நானும் தக்குமிகிட்ட சொன்னேன் அம்மா. இங்க சாம்பாருன்னா நதி பேருன்னு அவன் நெனச்சுட்டான்."

"பருப்பு?"

"அது ஆத்மா."

கேண்டீனில் ஐந்து வருடம் சாப்பிட்ட மனிதர் சொன்னதைவிட, கரையில் நின்று கற்பனை செய்தவன் சொன்னதைத்தான் உலகம் நம்பும்.

ஆகஸ்ட் 12

டோக்கியோவில் இருக்கும் இசை நிறுவனத்துக்குக் கடிதம் அனுப்பினேன். சுத்தமான ஆங்கிலம், நாலு பத்தி. ஒன்று, நான் பாட்டி அல்ல. திருமதி மீனலோசனி சங்கரலிங்கம். இரண்டு, நான் துக்கத்தில் இருந்த நாட்களில் நடந்தது இது. மூன்று, என் குரலை ஆல்பத்திலிருந்து எடுக்க வேண்டும். நான்கு, முக்கியமாக அந்தச் சிரிப்பை.

என்னிடம் அனுமதி கேட்டார்களா என்று அவர்கள் கேட்கக்கூடும். தக்குமி பதிவுப் பெட்டியைக் காட்டி "ஓகேவா?" என்று கேட்டது உண்மை. நான் தலையசைத்தது கழுத்துவலியால். அதட்ட வந்தவள் அங்கே ஏன் உட்கார்ந்தேன் என்று கேட்டால், பச்சை டீ கொடுத்தார்கள். கொடுத்ததைக் குடித்து முடிப்பது மரியாதை. கோப்பை காலியானதும் நிரப்புகிறார்கள். அது அவர்கள் குற்றம்.

பிரமநாயகிக்குத் தகவல் சொன்னேன். "நல்ல காரியம் செஞ்சிய மைனி" என்றாள். அவள் என்னை மெச்சினால் எங்கோ தப்பு செய்துவிட்டோமோ என்று தோன்றும். இன்றும் தோன்றியது.

ஆகஸ்ட் 29, வெள்ளி

பதில் கடிதமாக வரவில்லை. ஆளாக வந்தது.

டோக்கியோவிலிருந்து நிஷிமுரா என்பவர். கறுப்புக் கோட்டு, நம் ஊர் வெயிலில். கையில் பட்டுத் துணியில் கட்டிய ஒரு பெட்டி. மன்னிப்புக் கேட்கப் போகும்போது இனிப்பு கொண்டு போவது அவர்கள் வழக்கமாம். கேட்டருகிலேயே இடுப்பிலிருந்து மடங்கிக் குனிந்தார். வகிடு நேராக இருந்தது.

எதிர் பால்கனியிலிருந்து வசுமதி. "யாரு அக்கா அது? பொண்ணு பாக்க வந்தவரு மாதிரி தட்டோட வந்திருக்காரு!"

உள்ளே உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. நின்றபடியே மறுபடி குனிந்தார். பக்கத்தில் ஹோரிகுச்சி அதைத் தமிழாக்கினார்.

"கம்பெனி பெரிய தப்பு பண்ணிடுச்சு அம்மா. கடைக்கு ஆல்பம் அனுப்புறதை நிறுத்திட்டாங்க. உங்க வாய்ஸ் முழுசா எடுத்துடுவாங்க."

"முழுசாவா?"

"முழுசா. சிரிப்பும்."

"அவசரப்பட வேண்டாமே. எடுத்தா பாட்டு ஓட்டை விழுந்த மாதிரி ஆகாதான்னு கேளுங்க."

கேட்டார். நிஷிமுரா இன்னும் கீழே குனிந்தார். நெற்றி தேநீர் மேசையில் இடிக்கும் என்று பயந்து மேசையை நகர்த்தினேன்.

"பாட்டுக்கு என்ன ஆகும்னு நீங்க கவலைப்படவே கூடாதுன்னு சொல்றார்."

"நான் கவலைப்படலையே. பொதுவா கேட்டேன். அந்தத் தக்குமி என்ன சொல்றான்? அவன் பாட்டாச்சே, சம்மதிச்சுட்டானா?"

"தக்குமி அழுதான் அம்மா. ஆனா நீங்க வேணாம்னு சொன்னதுக்கப்புறம் பேச்சே இல்லைன்னுட்டான்."

அவர் போன பிறகு வெகுநேரம் யோசித்தேன். நம் ஊரில் பந்தியில் ஒருவர் இலைக்கு மேல் கையை நீட்டிப் "போதும்" என்றால், பரிமாறுகிறவர் அந்தக் கையைத் தாண்டி இன்னொரு கரண்டி விடுவார். விடாவிட்டால் அவர் வளர்ப்பு சரியில்லை. வேண்டாம் என்பவரிடம் "அதெப்படிங்க, நீங்க இல்லாமலா?" என்று ஒரு வார்த்தை கேட்பது சாதாரண நாகரிகம். இவர்களோ போதும் என்றதும் இலையையே சுருட்டி எடுத்துக்கொண்டு போகிறார்கள். இவ்வளவு பெரிய தேசத்தில் இதைச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை.

இனிப்பு: காராமணியை அரைத்துச் சர்க்கரை சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே சட்டை போட்டிருக்கிறார்கள். நகைக்கடைப் பெட்டியில் சுண்டல்.

ஆகஸ்ட் 30

வெற்றி. தூக்கம் சரியில்லை. காராமணி செரிக்காது என்பது தெரிந்ததுதான்.

செப்டம்பர் 12

தண்ணீர்த் தொட்டி கழுவ ஆள் வந்தார்கள். மேற்பார்வை பார்க்கும்போது ஹோரிகுச்சி வேலைக்குக் கிளம்பினார். சந்தோஷமான செய்தி சொல்கிற முகம்.

"அம்மா, உங்க வாய்ஸ் ரிஜெக்ட் பண்ணியாச்சு. வேற மாட்டிட்டாங்க."

"என்ன மாட்டிட்டாங்க?"

"வேற வாய்ஸ். டோக்கியோ மேடம், பெரிய பாட்டுக்காரங்க. இத்தாலில படிச்சவங்க. தமிழ் வார்த்தையெல்லாம் மனப்பாடம் பண்ணிப் பாடிட்டாங்க. ஃபினிஷிங் சூப்பர்."

"முதல்ல அந்த ரிஜெக்ட்ங்கிற வார்த்தையை விடுங்க. நானாத்தான் எடுக்கச் சொன்னேன்."

அவர் யோசித்தார். தரம் பார்க்கிறவர், சரியான சொல்லைத் தேடினார்.

"ஸ்க்ராப்?"

தொட்டி கழுவினவர்கள் அடியில் சேறு விட்டுவிட்டார்கள். மறுபடி இறங்கச் சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லியிருக்கிறேன் போலிருக்கிறது. வசுமதி எட்டிப் பார்த்தாள்.

செப்டம்பர் 16

திவசத்துக்கு வேண்டிய சாமான்களைப் பற்றிப் புரோகிதரிடம் பேசினேன். வாழைக்காய் நாட்டுக்காயாக இருக்க வேண்டும் என்கிறார். என் கணவரும் அப்படித்தான், எதிலும் ஒரு திட்டம் இருக்கும். பொதுப்பணித் துறையில் இவர் கட்டிய பாலங்களில் ஒன்றுகூட இன்றுவரை விரிசல் விட்டதில்லை.

இவருக்குச் சத்தம் ஆகாது. அதில் தவறில்லை; மூளை உழைப்பாளி. வீட்டில் ரேடியோ கிடையாது. குக்கர் வாங்கியதே இவர் வேலைக்குப் போன பிறகு விசில் வர வேண்டும் என்ற ஒப்பந்தத்தில்தான். கல்யாணமான புதிதில் அடுக்களையில் நின்று ஏதோ பாடிக்கொண்டிருந்தேன். பள்ளி இசைக்குழுவில் முன்வரிசையில் நின்றவள், பழக்கதோஷம். இவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு வந்து, "வீட்ல யாருக்காவது ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். நகைச்சுவை உணர்வு உள்ளவர். அதன் பிறகு என்னால் இவருக்கு ஒருநாளும் தலைவலி வந்ததில்லை.

நாற்பத்தாறு வருடம்.

செப்டம்பர் 24, புதன்

பிரமநாயகி நெல்லை எக்ஸ்பிரஸில் வந்து இறங்கினாள். பைகளை வைக்குமுன் என் முகத்தைத்தான் பார்த்தாள், எங்காவது சிரிப்பு ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று.

"அந்தப் பாட்டு ஒழிஞ்சிட்டா மைனி?"

"ஒழிஞ்சது. இன்னிக்குப் புதுப் பாட்டை வெளியிட்டுட்டாங்களாம். என் குரல் இல்லை."

"அம்மாடி! இப்பம்தான் எனக்கு உசுரு வந்துது. எங்கண்ணன் ஆத்துமா சாந்தியாயிரும். ஏன் மைனி, என்னதுக்கு அந்த மேல்வீட்டுக்கு ஏறிப் போனிய?"

"சத்தம் தாங்கலை."

"பிறவு நீங்களும் சேந்து சத்தம் போட்டியளாக்கும்."

மதியம் அவள் தூங்கியதும் புதுப் பாட்டைக் கேட்கலாமா என்று நினைத்தேன். வேண்டாம் என்று வைத்துவிட்டேன். கேட்க எனக்கு என்ன இருக்கிறது.

செப்டம்பர் 26, வெள்ளி

வசுமதி வீட்டில் கொலு. எனக்கு இது துக்க வருடம். போகக்கூடாது, கூப்பிடவும் கூடாது. அவள் கூப்பிடவில்லை. வேலைக்காரி கையில் ஒரு டப்பாவில் சுண்டல் கொடுத்தனுப்பினாள். உப்பு தூக்கல்.

விளக்கு வைத்த நேரம். நானும் பிரமநாயகியும் முன்னறையில் திவசத்துக்கு யார் யாரைக் கூப்பிடுவது என்று பேசிக்கொண்டிருந்தோம். எதிர்வீட்டில் பெண்கள் கூட்டம். யாரோ ஸ்பீக்கரில் அந்தப் பாட்டைப் போட்டார்கள்.

கதவு தட்டும் சத்தம் இல்லை. வீணை மாதிரி ஏதோ ஒன்று தனியே அழுதது. பிறகு அந்த இத்தாலி அம்மாள்.

"சா... ம்... பா..."

அந்த மூன்று எழுத்துக்குள் ஒருவர் கடைக்குப் போய்வந்து கைகால் கழுவிவிடலாம். "ருக்குள்" வருவதற்குள் எனக்கு மூச்சு முட்டியது. பயிற்சி பெற்ற குரல், மறுக்கவில்லை. ஆனால் அவர் பருப்பைத் தேடவில்லை. கடலில் மூழ்கிய புருஷனைத் தேடுகிறார். ரோஸி அக்காவின் பெயர் வரும்போது விம்மல். உப்புமா வந்தபோது, ஐயோ, உப்புமாவை யாரோ சுடுகாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி. சிரிப்பு இருந்த இடத்தில் கோயில் மணி அடித்தார்கள்.

"இது நல்லாருக்கு மைனி" என்றாள் பிரமநாயகி, கண்ணை மூடிக்கொண்டு. "எழவு வீட்டுக்கு ஏத்த மாதிரி மரியாதையா இருக்கு."

நான் எழுந்தேன்.

"எங்க மைனி?"

தெருவைக் கடந்தேன். வாசலில் என்னைப் பார்த்ததும் வசுமதிக்கு முகம் வெளுத்தது. "அக்கா... வாங்க... இல்ல, இன்னும் வருஷம் முடியலையே... நீங்க உள்ள வரலாமோ என்னமோ..."

"நான் கொலு பார்க்க வரலை. அதை நிறுத்து."

நிறுத்தினாள். மஞ்சள் குங்குமத் தட்டை ஒருத்தி அவசரமாக என் பார்வையிலிருந்து அந்தப்புறம் நகர்த்தினாள். நான் அதைப் பறித்துக்கொண்டு ஓடிவிடுவேன் போல. இன்னொருத்தி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"என்ன சோகம் ஆன்ட்டி! கேட்டா வயித்தைப் பிசையுது."

"பிசையும். ஹாஸ்டல் சாம்பார்ம்மா அது. குண்டான் நிறையத் தண்ணி, பருப்பு ஒண்ணுதான். அதைத் தேடி ஒரு அக்கா உள்ள குதிக்கிறா. இதுல அழறதுக்கு என்ன இருக்கு?"

எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒருத்திக்கு முதலில் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள்.

சரியான வேகம் எது என்று காட்ட வேண்டியிருந்தது. வேறு வழியில்லை. வாசல்படியில் நின்றபடியே காட்டினேன். தாளத்துக்கு ஒரு சுண்டல் தட்டு கிடைத்தது. முதல் அடுக்குக்கு அவர்கள் சும்மா இருந்தார்கள். உப்புமா ஓடாக மாறியபோது வசுமதியே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "ஐயோ அக்கா, போதும் அக்கா, வயிறு வலிக்குது!"

இன்னொரு தடவை என்றார்கள். முடியாது என்றேன். பந்தி வழக்கம் தெரிந்தவர்கள், மறுபடி கேட்டார்கள்.

திரும்பியபோது பிரமநாயகி எங்கள் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முழுவதும் பார்த்திருக்கிறாள். உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.

"மைனி, ஒண்ணு கேக்கேன். எங்கண்ணன் இருந்தா இப்பிடிப் பாடுவியளா?"

"மாட்டேன்."

அவள் இன்னும் ஏதோ வருமென்று காத்திருந்தாள். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லியாயிற்று. அவள் தன் படுக்கையை உதறிப் போட்டுக்கொண்டாள். வழக்கத்தைவிடப் பலமாக உதறினாள்.

செப்டம்பர் 27

பிரமநாயகி நாளைக்குப் போவதாக இருந்தவள் இன்றே கிளம்பினாள். ஆட்டோ வரும்வரை பையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

"தெவசத்துக்கு மவன அனுப்புதேன். அது எங்கண்ணனுக்கு. நான் வரமாட்டேன். ஊர்க்காரங்களும் வரமாட்டாவ. அம்புட்டுத்தான் சொல்லுவேன்."

"சரி."

"சின்னப்பிள்ளையில நானும் பாடுவேன் மைனி. எங்கண்ணன் பரீச்சைக்குப் படிக்கான்னு அம்மா வாயப் பொத்திருவா. வருசம் பூரா அவனுக்குப் பரீச்சைதான்." இதைச் சுவரைப் பார்த்துச் சொன்னாள். உடனே பையின் ஜிப்பைச் சரிபார்த்தாள்.

ஆட்டோ புறப்பட்டுச் சிறிது தூரம் போய் நின்றது. தலையை வெளியே நீட்டினாள்.

"மைனி! அந்த ரோஸி அக்கா கடசீல வந்தாளா, இல்லியா?"

"மூணாவது அடுக்குல வருவா. வெறுங்கையோட."

"நெனச்சேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். முகம் இறுக்கமாகத்தான் இருந்தது. தோள் குலுங்கியது ஆட்டோவாலும் இருக்கலாம்.

நவம்பரில் சமையல்காரரிடம் இலை எண்ணிக்கையைக் குறைத்துச் சொல்ல வேண்டும். இத்தனை வருடம் வந்து சாப்பிட்டு, மோரில் புளிப்பு என்று குறை சொன்ன முகங்கள் இருக்காது. வீடு பெரிதாகத் தெரியும். தெரியட்டும்.

செப்டம்பர் 29, திங்கள்

டோக்கியோவுக்குக் கடிதம் அனுப்பிவிட்டேன். ஆங்கிலத்தில் எழுதியதன் தமிழ் இது, என் பார்வைக்கு.

அன்புள்ள திரு. நிஷிமுரா,

ஆகஸ்ட் 12ஆம் தேதி நான் எழுதிய கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். நீங்கள் அதை உடனே நிறைவேற்றினீர்கள். அவ்வளவு உடனே நிறைவேற்றியிருக்க வேண்டாம்.

எட்டாம் பாட்டின் புதிய வடிவத்தைக் கேட்டேன். உங்கள் பாடகியின் குரலில் குறை இல்லை. பாட்டைப் புரிந்துகொண்டதில்தான் முழுக்கக் குறை. அது ஒப்பாரி அல்ல. நதியோ ஆத்மாவோ அதில் இல்லை. பசித்த பெண்கள் தங்களுக்குப் போட்ட சோற்றைக் கேலி செய்கிறார்கள். கேலியை அழுதுகொண்டே பாட முடியாது. இதை உங்கள் பத்திரிகைக்காரருக்கும் தெரிவியுங்கள்.

ஆகவே என் பதிவை இருந்தபடியே மீண்டும் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன். கதவு தட்டுவதும் அதட்டலும் உட்பட. இறுதியில் சிரிப்பது நான்தான். அதையும் வெட்ட வேண்டாம். மணி ஓசையால் மூடவும் வேண்டாம்.

"சென்னைப் பாட்டி" என்பதை நீக்கிவிட்டு இப்படி அச்சிடுங்கள்: பாடல், குரல்: மீனலோசனி. இவ்வளவு போதும். கணவர் பெயர் தேவையில்லை. அவருக்கு இதில் தொடர்பு இல்லை.

இது பதிவானபோது என் கணவர் இறந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. என் உறவினர்கள் இதைச் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். அவர்கள் கணக்கு சரி. அந்த மாலையில் என்னை யாரும் ஏமாற்றவில்லை, வற்புறுத்தவும் இல்லை. திரு. தக்குமி அனுமதி கேட்டார், நான் கொடுத்தேன். நான் பாடினேன். அவர் அழ வேண்டிய அவசியம் இல்லை என்று சொல்லுங்கள்.

முதல் ஏழு பாட்டுகளைப் பற்றி எனக்குக் கருத்து உண்டு. நீங்கள் கேட்காததால் எழுதவில்லை.

இதற்காக யாரையும் நேரில் அனுப்ப வேண்டாம். இனிப்பும் வேண்டாம், இம்முறை வேண்டாம் என்றால் வேண்டாம்தான். என் குரலை மீண்டும் சேர்ப்பீர்களா, மாட்டீர்களா என்பதை எழுத்தில் தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
மீனலோசனி